இந்திய ஐசியூ அனுபவத்தை வைத்து அமெரிக்காவில் மயக்க மருந்துச் செவிலியர் படிப்பில் சேர முடியுமா?

திருச்சி_இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அறுவை ஐசியூவில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். அமெரிக்காவுக்குப் போயும் வார்டு நர்சாகவே காலத்தை ஓட்ட விருப்பமில்லை. அங்கே அறுவை அரங்கில் செவிலியரே மயக்க மருந்து கொடுக்கும் சிஆர்என்ஏ என்ற பணி இருக்கிறதே, அதற்குப் படிக்க வேண்டும்.

ஓர் ஏஜென்சியில் விசாரித்தேன். "உங்களிடம் ஐசியூ அனுபவம் நிறைய இருக்கிறது. மாணவர் விசாவில் நேராக அந்தப் படிப்பிலேயே சேர்த்துவிடலாம். முன்பணம் கட்டினால் வேலையைத் தொடங்குகிறோம்" என்கிறார்கள். கேட்கும் தொகைக்கு அப்பா வயலை அடகு வைக்க வேண்டியிருக்கும். அவர் தயாராகத்தான் இருக்கிறார், எனக்குத்தான் தயக்கம். இந்த வழியில் போனவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஒஹாயோ_சிஆர்என்ஏ

பணம் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் வேலூர் பக்கம் நர்சிங் படித்து, அமெரிக்கா வந்து, இங்கே ஐசியூவில் இருந்துவிட்டு இந்தப் படிப்பை முடித்தவள். அதனால் விதியைச் சொல்கிறேன். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் குழு, சேருகிறவர் குறைந்தது ஒரு வருடம் முழுநேரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதிவுபெற்ற செவிலியராக வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறது. அதோடு விடவில்லை. அந்த வேலை அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ நடந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. சென்னை, ரியாத், லண்டன் எதுவும் அந்த ஒரு வருடக் கணக்கில் ஏறாது. நீங்கள் ஐசியூவில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இதுதான் நிலை.

ஆக, "நேராகச் சேர்த்துவிடலாம்" என்று சொல்கிறவருக்கு விதி தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும். இரண்டில் எதுவானாலும் வயலை அடகு வைக்கக் காரணம் இல்லை.

திருச்சி_இரவுப்பணி

அக்கா, உடனே பதில் சொன்னதற்கு நன்றி. அப்படியென்றால் இங்கே நான் பார்த்த வேலை முழுக்க வீணா? பைபாஸ் முடித்து வரும் நோயாளிகளை, இதயத்துக்குத் துணையாகப் பலூன் பம்ப் ஓடுகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

ஒஹாயோ_சிஆர்என்ஏ

வீணில்லை. கணக்கில் சேராது, அவ்வளவுதான். அமெரிக்க ஐசியூவில் வேலை கிடைப்பதற்கு அதுதான் உங்கள் சீட்டு. அங்கே சேர்ந்த பிறகு மற்றவர்கள் திணறும் இடத்தில் நீங்கள் திணற மாட்டீர்கள்.

வரிசை இப்படித்தான் போகும்: அமெரிக்க உரிமம், வேலை செய்ய உரிமை தரும் விசா, பெரியவர்களுக்கான ஐசியூவில் வேலை, அதற்குப் பிறகு விண்ணப்பம். ஒரு வருடம் என்பது விதிப்படி குறைந்தபட்சம். உண்மையில் இரண்டு மூன்று வருடம் முடித்தவர்களோடுதான் நீங்கள் போட்டியிட வேண்டும். இடையில் சிசிஆர்என் என்ற தீவிர சிகிச்சைச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். அந்தத் தேர்வை எழுதவே இரண்டு ஆண்டுகளில் 1,750 மணி நேரம் நேரடி நோயாளிப் பராமரிப்பு காட்ட வேண்டும்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 தொடக்கத்திலிருந்து சேருகிற எல்லோருக்கும் இது முனைவர் நிலைப் படிப்பு. பழைய முதுகலை வழி மூடிவிட்டது. குறைந்தது 36 மாதம். குறைந்தது 600 மயக்க மருந்துக் கேஸ்கள், 2,000 மணி நேர மருத்துவப் பயிற்சி. அதன் பிறகு தேசியத் தேர்வு. விடிவதற்குள் அறுவை அரங்குக்குப் போய் இயந்திரத்தைச் சோதித்து, மருந்துகளை ஊசிகளில் ஏற்றி, பெயர் ஒட்டி வைத்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் வேலைக்கும் போகலாம் என்று யாராவது சொன்னால் அவர் இந்தப் படிப்பைப் பக்கத்தில் இருந்துகூடப் பார்க்காதவர்.

விசா_வரிசையில்_நிற்பவன்

அக்கா சொன்ன வரிசையில் "வேலை செய்ய உரிமை தரும் விசா" என்று ஒரே சொல்லாகக் கடந்துபோய்விட்டார். எங்கள் வாழ்க்கை அந்த ஒரு சொல்லுக்குள்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் மனைவி செவிலியர். கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

செவிலியர்களுக்கு வழக்கமான வழி இபி-3, அதாவது வேலையை வைத்து நிரந்தரமாகத் தங்க அனுமதி தரும் கிரீன் கார்டு வகைகளில் ஒன்று. செவிலியர், பிசியோதெரபி பணிகளை அமெரிக்கத் தொழிலாளர் துறை "ஷெட்யூல் ஏ" என்று தனியாக வைத்திருக்கிறது. உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் விளம்பரம் கொடுத்து நிரூபிக்கத் தேவையில்லை. இது நல்ல செய்தி. கெட்ட செய்தி, ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற நாடுவாரி வரம்பு. 2025 இறுதியில் இந்தியாவுக்கான இபி-3 வரிசை 2013ஆம் ஆண்டில் கோப்பு போட்டவர்களிடம்தான் நின்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில் மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு 2023ஆம் ஆண்டுக் கோப்புகள் நடந்துகொண்டிருந்தன. தேர்வு ஒன்று, படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று; காத்திருப்பில் மட்டும் பத்தாண்டு வித்தியாசம்.

ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசா? சாதாரண வார்டு, ஐசியூ செவிலியர் பணிக்குப் பட்டப்படிப்பு கட்டாயம் என்று நிரூபிப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. போதாததற்கு 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து போடும் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. செவிலியருக்காக அதை எந்த மருத்துவமனை கட்டும்?

மாணவர் விசாவில் ஒரு சந்து இருக்கிறது. அங்கே நர்சிங்கில் முதுகலை படித்து, முடித்ததும் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியில் ஐசியூவில் சேர்ந்து, அந்த ஒரு வருடத்தைக் காட்டி மறுபடியும் மாணவர் விசாவிலேயே இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது. தாளில் பார்த்தால் பொருந்தும். ஆனால் 12 மாதத்தில் போய்விடப் போகிறவருக்கு ஐசியூவில் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ள மேலாளர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. அமெரிக்க மத்திய அரசுக் கல்விக் கடன் கிடைக்காது. பல பள்ளிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை. பணம் கொட்டிக் கிடப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

மதுரை_மயக்கவியல்

நான் மயக்கவியல் எம்.டி. மதுரையில் பணி. குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பணம், விசா எல்லாம் பேசுகிறீர்கள். அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. மயக்க மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை. ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., மூன்று வருடம் எம்.டி. படித்த பிறகும் கஷ்டமான சுவாசக் குழாய் என்றால் எங்களுக்கே வியர்க்கிறது. செவிலியர் தனியாகச் செய்யலாம் என்பது செலவைக் குறைக்க அமெரிக்கா கண்டுபிடித்த வழி. அந்தப் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பினால் இங்கே அதற்கு ஒரு பணியிடமும் கிடையாது என்பதையாவது இந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஒஹாயோ_சிஆர்என்ஏ

டாக்டர், கடைசியாகச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். இந்தியாவில் இந்தப் பட்டத்துக்கு வேலை இல்லை. திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்கள் இதில் இறங்கக் கூடாது. அவர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்கும் பணியிடங்கள் ஒழுங்காக உருவாகவில்லை என்பது வேறு சண்டை.

ஆனால் "செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த வழி" என்பதை ஏற்க மாட்டேன். அங்கே இது 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் இதைத் தனித்துறையாக எடுத்துக்கொள்வதற்கு முன்பே அறுவை மருத்துவர்கள் ஈதர் என்ற மயக்க மருந்தைச் செலுத்தும் வேலையைச் செவிலியர்களிடம் கொடுத்துவிட்டார்கள். மேயோ கிளினிக்கில் ஆலிஸ் மேகா என்ற செவிலியர் 1906இல், 14,000க்கும் மேற்பட்ட மயக்க மருந்து நிகழ்வுகளைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். மயக்க மருந்துச் செவிலியர்களின் தேசியச் சங்கம் 1931இல் வந்தது. செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது சட்டவிரோத மருத்துவம் என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 1936இல் மாநில உச்ச நீதிமன்றம் செவிலியர் பக்கம் தீர்ப்பளித்தது. உங்கள் கேள்வி பழைய கேள்வி, டாக்டர். அங்கேயும் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

மதுரை_மயக்கவியல்

பழைய கேள்வி என்பதால் தவறான கேள்வி ஆகிவிடாது. பாதுகாப்புக்கு ஆதாரம் என்ன?

ஒஹாயோ_சிஆர்என்ஏ

இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான ஆய்வுகளை அடுக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2014இல் அவற்றையெல்லாம் பரிசீலித்துவிட்டு, யார் மேல் என்று உறுதியாகச் சொல்லும் தரத்தில் ஆதாரம் இல்லை என்று முடித்தது. அதை என் பக்கத்து வெற்றி என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல முடியாது.

நடைமுறையைச் சொல்கிறேன். என் மருத்துவமனையில் ஒரு மயக்கவியல் மருத்துவர் நான்கு அறைகள் வரை பார்த்துக்கொள்வார். மருந்து செலுத்தும்போதும் நோயாளியை எழுப்பும்போதும் வருவார். நடுவில் அறையில் இருப்பது நான். இது ஒரு முறை. இன்னொரு பக்கம், கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளில் சிஆர்என்ஏ மட்டுமே இருப்பார். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் என்ற நிபந்தனையிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என்று 2001இல் விதி வந்தது. முதலில் விலகியது அயோவா. இந்த இரண்டு முறையில் எதில் வேலை செய்யப் போகிறோம் என்பது வெறும் சம்பள விஷயமல்ல. படித்து முடித்ததும் தனியாக நிற்கும் வேலைக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இதில் நானும் நீங்களும் ஒரே கட்சிதான் என்று நினைக்கிறேன்.

மதுரை_மயக்கவியல்

அந்த அளவில் சரி.

டல்லாஸ்_மல்லிகை

விசா பற்றி எழுதியவர் ஒரு கூட்டத்தை மறந்துவிட்டார். எங்களைத்தான். கணவருடைய ஹெச்-1பி விசாவோடு, துணைவருக்கான ஹெச்-4 விசாவில் வந்து, நர்சிங் படித்திருந்தும் வீட்டில் இருக்கும் பெண்கள். இந்த ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் போனால் ஒரு வார்டு நடத்தும் அளவுக்குச் செவிலியர்கள் சமையல் குறிப்பு பேசிக்கொண்டிருப்பார்கள்.

கணவருக்காக அவர் நிறுவனம் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால் ஹெச்-4 மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2015இலிருந்து இந்த வசதி இருக்கிறது. நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி வந்தவரின் துணைவராக எல்-2 விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. அனுமதி அட்டை கையில் வந்தால் யாருடைய ஏஜென்சியும் வேண்டாம், நேராக மருத்துவமனையில் விண்ணப்பிக்கலாம். நான் அப்படித்தான் நுழைந்தேன். இடையில் வேலையில் இல்லாத வருடங்கள் இருந்ததால் ஐசியூ உடனே கிடைக்கவில்லை. பொது வார்டில் இரவுப் பணி, அங்கிருந்து வார்டுக்கும் ஐசியூவுக்கும் இடைப்பட்ட ஸ்டெப்-டவுன் பிரிவு, பிறகு ஐசியூ. உள்ளே ஒருமுறை நுழைந்துவிட்டால் பிரிவு மாறுவது வெளியிலிருந்து விண்ணப்பிப்பதைவிட எவ்வளவோ மேல்.

கஷ்டமும் சொல்ல வேண்டும். அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அட்டை தானாக நீளும் வசதியை 2025 அக்டோபர் இறுதியில் எடுத்துவிட்டார்கள். புதிய அட்டை வரத் தாமதமானால் மறுநாள் டியூட்டிக்குப் போக முடியாது. நம்மைப் பட்டியலில் வைத்திருக்கும் மேலாளருக்கு இதைப் புரியவைப்பது தனி வேலை. 36 மாதப் படிப்புக்கு விண்ணப்பித்தால் "உங்கள் விசா அதுவரை செல்லுமா" என்று கேட்கிறார்கள். ஹெச்-4இல் படிக்கத் தடை இல்லை. மத்திய அரசுக் கடன் மட்டும் கிடைக்காது. நான் கிரீன் கார்டு வரட்டும் என்று ஐசியூவிலேயே இருக்கிறேன். கணவர் வரிசை எப்போது நகரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒஸ்லோ_யாழ்

தங்கச்சி, அமெரிக்கா மட்டும்தான் உலகமா? நோர்வேயில் மயக்க மருந்துத் தாதியர் என்பது பல காலமாக நிலைத்த தொழில். தாதியர் பட்டத்துக்கு மேல் 90 கல்விப் புள்ளிகள் (கிரெடிட்) கொண்ட சிறப்புக் கல்வி. இப்போது முதுகலையாகவும் படிக்கலாம். உடல் நலமான நோயாளிக்குச் சாதாரண அறுவை என்றால் அரங்கில் மயக்கத்தைப் பார்த்துக்கொள்வது தாதிதான். பொறுப்பு வைத்தியருக்கு, கூப்பிட்டால் வருவார். சுவீடனில் ஒரு வருடம், டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டு வருடம் என்று அளவு மாறும். பிரான்சிலும் இரண்டு வருடம்தான். எங்கள் சனத்தின் பிள்ளைகள் இங்கே இந்தத் துறையில் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அது எளிது. வெளியிலிருந்து வருகிறவருக்கு மொழி பெரிய மலை. நோர்வேஜிய மொழியில் சரளமாகப் பேசும் அளவான பி2 நிலை, ஐரோப்பாவுக்கு வெளியே படித்தவருக்கு மேலதிகப் பாடங்கள், தேர்வுகள், அதற்குப் பிறகுதான் தாதி உரிமம். மயக்கத்திலிருந்து விழித்தெழும் முதியவர் தன் கிராமத்துப் பேச்சில் முனகுவதைப் புரிந்துகொள்ள வேண்டிய தொழில் இது; சான்றிதழ் அளவு மொழி போதாது. ஆர்வம் இருந்தால் யோசியுங்கள், ஆனால் ஒரு மாத மொழி வகுப்பில் ஆகிவிடும் என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள்.

லீட்ஸ்_வார்டு

பிரிட்டனைப் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இங்கே மயக்க மருந்துச் செவிலியர் என்றால் மருத்துவருக்கு உதவுகிறவர். தானே கொடுப்பதில்லை. மயக்கவியல் அசோசியேட் என்று தனிப் பணி ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலே அவர்களையும் பதிவு செய்கிறது. அதைச் சுற்றி இப்போது பெரிய சண்டை, 2025இல் அரசு மறுஆய்வு நடத்திப் பெயரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் இதை நம்பி யாரும் விமானம் ஏற வேண்டாம். ஜெர்மனியிலும் இரண்டு வருடச் சிறப்புப் பயிற்சி உண்டு. அதுவும் மருத்துவருக்கு உதவும் பணிதான்.

திருச்சி_இரவுப்பணி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஏஜென்சியிடம் அந்த விதியைக் காட்டிக் கேட்டேன். "அது பழைய விதி" என்றார்கள். புதிய விதி எங்கே என்று கேட்டதும் பதில் இல்லை. பிறகு வேறொரு திட்டம் சொன்னார்கள்: இபி-3 வழியாக மூன்று வருட ஒப்பந்தம், எங்கே வேலை என்பதை அங்கே போன பிறகு முடிவு செய்வார்களாம். அக்கா, இது சரியா? மதிப்பெண் எப்படிப் பார்ப்பார்கள், நேர்முகம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். என்னுடையது அறுபத்தெட்டு சதவீதம், முதல் வகுப்பு.

ஒஹாயோ_சிஆர்என்ஏ

"எங்கே வேலை என்பதைப் பிறகு முடிவு செய்வோம்" என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் உங்கள் திட்டம் அங்கேயே முடிந்துவிடும். முதியோர் இல்லத்துக்கோ டயாலிசிஸ் மையத்துக்கோ அனுப்புவார்கள். நல்ல வேலைகள்தான், ஆனால் ஐசியூ கணக்கில் சேராது. மூன்று வருடம் அங்கே கட்டுண்டு கிடந்தால் உங்கள் கையில் இருக்கும் இதய ஐசியூ அனுபவமும் பழசாகிவிடும். ஒப்பந்தத்தில் மருத்துவமனையின் பெயர், "பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு" என்ற சொல், பிரிவு மாற்றினால் உங்களுக்கு என்ன உரிமை என்பது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று மிரட்டும் பிரிவு ஒன்றும் இருக்கும். பிலிப்பைன்ஸ் செவிலியர் தொடுத்த வழக்கில் 2019இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அப்படிப்பட்ட 25,000 டாலர் அபராதப் பிரிவு செல்லாது என்றது. ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தையே மீறுகிறது என்றது. அதற்காக எல்லா ஒப்பந்தமும் செல்லாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கு நடத்தி வெல்வதைவிடக் கையெழுத்துப் போடும் முன் படிப்பது மலிவு.

மதிப்பெண். நம் பல்கலைக்கழகத்தில் அறுபத்தெட்டு நல்ல மதிப்பெண் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியாது. மதிப்பீட்டு நிறுவனம் அதை அமெரிக்க அளவுக்கு மாற்றித் தரும். நிறுவனத்துக்கு நிறுவனம் முடிவு மாறும். ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் பள்ளி எந்த நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். பாடவாரியான அறிக்கை வேண்டும். இன்னொரு சிக்கலைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நம் பழைய பாடத்திட்டத்தில் ஊட்டச்சத்தும் உயிர்வேதியியலும் ஒரே தாள், உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒரே தாள். இங்குள்ள பள்ளிகள் தனி வேதியியல், தனிப் புள்ளியியல், அதுவும் சமீபத்தில் படித்ததாகக் கேட்கும். நான் கம்யூனிட்டி கல்லூரியில் வேதியியலை மறுபடி படித்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பீக்கர் கழுவிக்கொண்டு. அதில் வாங்கிய ஏ கிரேடு என் பழைய மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசியது.

நேர்முகம் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நம்மூரிலிருந்து வரும் நல்ல செவிலியர்கள் அங்கே தோற்பது அறிவுக் குறைவால் அல்ல. பயிற்சி நேர்முகங்களில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "நீங்கள் பார்த்த ஒரு கடினமான நோயாளியைச் சொல்லுங்கள்" என்றால், "பைபாஸ் முடிந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் விழுந்தது, டாக்டருக்குச் சொன்னேன், அவர் அழுத்தத்தை ஏற்றும் நோர்எபிநெப்ரின் மருந்தைக் கூட்டச் சொன்னார், பிறகு தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்" என்று முடித்துவிடுவார்கள். குழு காத்துக்கொண்டே இருக்கும். தோண்டித் தோண்டிக் கேட்டால்தான் வெளியே வரும்: நெஞ்சில் வைத்த வடிகுழாயில் (செஸ்ட் டிரெயின்) மணிக்கு மணி வந்துகொண்டிருந்த ரத்தம் திடீரென்று நின்றதை முதலில் கவனித்தது இந்தப் பெண். மைய சிரை அழுத்தம் ஏறியதைப் பார்த்ததும் இவள்தான். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குகிறது என்று சந்தேகித்து, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, டாக்டரை எழுப்பியதும் இவள்தான். நோயாளி பிழைத்ததே அதனால்தான். ஆனால் கதையில் இவளையே காணோம்.

டாக்டரை முந்திப் பேசக் கூடாது என்று பழக்கப்பட்டுவிட்டோம். அறையில் தனியாக நின்று நொடியில் முடிவெடுக்க வேண்டிய ஒருவரைத் தேடும் குழுவுக்கு அந்த அடக்கம் வேறு மாதிரித் தெரிகிறது. எனவே ஒவ்வொரு கேஸையும் நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், ஏன் நினைத்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். அந்த மருந்து உடலின் எந்த ஏற்பியில் (ரிசெப்டர்) வேலை செய்கிறது, அடுத்த மருந்தாக ஏன் வாசோபிரெசின், ரத்தம் ஆக்சிஜனை விடுவிப்பதைக் காட்டும் ஆக்சிஜன் விலகல் வரைகோடு வலப்பக்கம் ஏன் நகர்கிறது, எல்லாம் கேட்பார்கள். படித்தால் வந்துவிடும். தன்னைக் கதைக்குள் வைத்துச் சொல்வதுதான் படித்து வராது.

மதுரை_மயக்கவியல்

செஸ்ட் டிரெயின் நின்றதைக் கவனித்து என்னை எழுப்பும் சிஸ்டர்கள் என் ஐசியூவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் கேஸ் ஷீட்டில் வருவதில்லை என்பது உண்மைதான். திருச்சி அம்மா, உடலியங்கியலில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், சொல்லித் தருகிறேன். கொள்கைச் சண்டை தனி.

திருச்சி_இரவுப்பணி

டாக்டர், கண்டிப்பாகக் கேட்பேன். மிக்க நன்றி.

கன்னியாகுமரி_டிப்ளமோ

நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவன். ஆண் செவிலியர். எனக்கு வழி உண்டா? சம்பளம் உண்மையிலேயே அவ்வளவா?

ஒஹாயோ_சிஆர்என்ஏ

தம்பி, சேருவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை ஊரிலேயே முடித்துவிடுங்கள், அல்லது அமெரிக்கா வந்தபின் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் அங்குள்ள நர்சிங் பட்டமான பி.எஸ்.என். முடிக்கலாம். ஆண் என்பது ஒரு தடையே இல்லை. மற்ற செவிலியர் பணிகளைவிட இந்தத் துறையில் ஆண்கள் அதிகம்.

சம்பளம்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகக் கணக்கில் 2023 மே மாதம் சிஆர்என்ஏ ஒருவரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2,12,650 டாலர். சாதாரணப் பதிவுபெற்ற செவிலியருக்கு 86,070. இந்த இரண்டு எண்ணை மட்டும் காட்டித்தான் எல்லோரும் ஆசை காட்டுகிறார்கள். மூன்று வருடம் சம்பளம் இல்லை, படிப்புக் கட்டணம் பல இடங்களில் லட்சம் டாலரைத் தாண்டும், வாடகை தனி. முன்பு கிரீன் கார்டு உள்ளவர்கள் முழுச் செலவுக்கும் மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் வாங்கிச் சமாளித்தார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. பட்டமேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 என்று உச்சவரம்பு. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புகளுக்கு மொத்த வரம்பு இதைப்போல் இரண்டு மடங்கு. கல்வித்துறையின் வரைவில் செவிலியர் படிப்புகளை அதில் சேர்க்கவில்லை. மீதியை வங்கியில் வாங்க வேண்டும், வங்கி ஜாமீன் கேட்கும். ஐசியூவில் சம்பாதிக்கும் காலத்தில் சேமிப்பதும் தகுதியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசா_வரிசையில்_நிற்பவன்

கொஞ்சம் பின்னே போகிறேன், ஒன்று சொல்ல விட்டுப்போனது. நாடுவாரி வரம்பில் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த இடத்தை. இந்தியக் குடிமகளாக இருந்தாலும் பிறந்தது வேறு நாடு என்றால் அந்த நாட்டு வரிசை. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய வரிசையையும் பயன்படுத்தலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதில் தமிழ்நாட்டுக்கு வந்த ஒரு செவிலியரை எனக்குத் தெரியும். என் மனைவிக்குப் பின்னால் கோப்பு போட்டு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். வளைகுடாவில் அப்பா வேலை பார்த்தபோது பிறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

திருச்சி_இரவுப்பணி

அண்ணா, இதை இரண்டு முறை படித்தேன். நான் பிறந்தது மஸ்கட்டில். நான் பள்ளியில் சேரும் முன்பே ஊருக்கு வந்துவிட்டோம். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் மஸ்கட் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் நான் இந்திய வரிசையில் இல்லையா?

விசா_வரிசையில்_நிற்பவன்

இல்லை! ஓமன் "பிற நாடுகள்" வரிசையில் வரும். இதை அந்த ஏஜென்சி உங்களிடம் கேட்கவே இல்லையா?

திருச்சி_இரவுப்பணி

கேட்கவில்லை. வயலின் சர்வே எண்ணைக் கேட்டார்கள்.

டல்லாஸ்_மல்லிகை

பொறாமையாக இருக்கிறது, தங்கையே. ஆனால் உன்னை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

விசா_வரிசையில்_நிற்பவன்

அப்பாவிடம் ஓமன் அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து வாங்கியது வேறு, அந்நாட்டு அரசு கொடுத்தது வேறு. அரசு கொடுத்ததுதான் வேண்டும். பெற்றோர் பெயர் இரண்டும் அதில் இருக்க வேண்டும், அரபியில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர் எழுத்தும் பாஸ்போர்ட் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். வரிசை குறுகியது என்றாலும் சில வருடக் காத்திருப்பு இருக்கத்தான் செய்யும், நாளையே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

ஒஹாயோ_சிஆர்என்ஏ

அந்தச் சில வருடம் இதய ஐசியூவை விடாதீர்கள். சம்பளம் கூடுதல் என்று வேறு பிரிவுக்குப் போக வேண்டாம். ஏஜென்சி இல்லாமல் நேரடியாக ஆள் எடுக்கும் மருத்துவமனைகளின் பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவர்களோடு பேசும்போது முதல் கேள்வியாக எந்த ஐசியூ, எத்தனை படுக்கை, திறந்த இதய அறுவை அங்கே நடக்கிறதா என்று நீங்கள் கேளுங்கள்.